கதவு தட்டப்படும் ஓசை: ஒரு மாணவர் பேய்ப்படத்தின் படத்தொகுப்பை முன்வைத்து

பேய்ப்படம் என்றதும் எமது இலக்கியகாரர்கள் முகஞ்சுளிப்பதுண்டு. அது சிறுபிள்ளை விளையாட்டு, வணிகச் சரக்கு, விமர்சிக்கத் தகுதியற்றது என்பதே பொதுவான எண்ணம். கொழும்பில் தமிழ் பேசும் மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒருவன் என்ற வகையில் நான் இந்த எண்ணத்தோடு உடன்படுவதில்லை. அம்மாணவர்கள் விரும்பித் தேர்ந்துகொள்ளும் வகைகளுள் ஒன்று அது. காரணம் எளிது. ஒரு வீடு போதும், இரண்டு மூன்று பேர் போதும், இருட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் இளையவர்கள் எதைக் கண்டு பயப்படுவதாகச் சொல்கிறார்கள் என்பது அற்பமான கேள்வியன்று. எதைக் கண்டு பயப்படுவதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

இப்படங்களில் வரும் பேய் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சென்னையிலிருந்து வருகிறது. வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், பழிவாங்கும் பெண் எனச் சகல சீதனங்களோடும் வருகிறது. சென்னையிலிருந்து வராவிட்டால் ஜப்பானிலிருந்து ஹொலிவூட் வழியாக, முகத்தை மறைத்த நீண்ட கூந்தலோடு வருகிறது. 1998இல் வெளியான 'ரிங்கு' படத்தின் பேய் உலகம் முழுவதும் சுற்றி முடித்து இப்போது கொட்டாஞ்சேனைப் படிக்கட்டுகளில் ஏறிக்கொண்டிருக்கிறது. மஃரிப் பாங்கு சொல்லும் வேளையில் பிள்ளைகளை வாசலிலிருந்து உள்ளே எடுக்கும் உம்மம்மாவின் ஜின் கூட இந்தப் படங்களுக்குள் இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

இதற்கு மாணவர்களை மட்டும் குறைகூற முடியாது. இலங்கைத் தமிழ்ச் சினிமாவுக்கு ஒரு தொடர்ச்சி இருந்திருந்தால் அவர்கள் அதிலிருந்து கற்றிருப்பார்கள். எழுபதுகளில் 'குத்துவிளக்கு', 'பொன்மணி', 'வாடைக்காற்று' என்று மெல்ல நடக்கத் தொடங்கிய ஒரு சினிமா 1983 ஜூலையோடு நிலைகுலைந்தது. ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. படச்சுருள்கள் சாம்பலாயின. சிங்களப் படங்களை இயக்கிவந்த தமிழரான கே. வெங்கட் அந்த வன்முறையில் கொல்லப்பட்டார். இன்று ஒரு மாணவன் தன் தாத்தா காலத்துப் படத்தைப் பார்க்க விரும்பினாலும் எளிதிற் கிடைக்காது. கிடைப்பது சென்னை. ஆகவே பயப்படுவதையும் அங்கிருந்தே கற்கிறான்.

அண்மையில் நான்கு மாணவர்கள் தமது இறுதிச் செயற்திட்டமாக எடுத்த ஒரு பேய்ப்படத்தின் படத்தொகுப்பில் சில மாலைகள் உடனிருக்க நேர்ந்தது. வசனங்களைப் பார்த்துத் தருமாறு கேட்டிருந்தார்கள். படத்தின் பெயரையும் அவர்களது பெயர்களையும் இங்கு தவிர்க்கிறேன். அவர்கள் இன்னும் மாணவர்கள். ஆனால் அந்தப் படத்தில் நடந்த வெட்டலும் ஒட்டலும் எமது காலத்தின் முக்கியமானதொரு கேள்வியைத் தொட்டுச் சென்றதால் அதுபற்றிப் பேசுவது அவசியம் என நினைக்கிறேன்.

கதை இதுதான். 2022ஆம் ஆண்டின் மின்வெட்டு நாட்கள். அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தொடர்மாடி வீடொன்றில் ஓர் இளம்பெண்ணும் அவளது அம்மம்மாவும் மெழுகுதிரி வெளிச்சத்தில் இருக்கிறார்கள். கதவு தட்டப்படுகிறது. திறந்தால் யாரும் இல்லை. மீண்டும் தட்டப்படுகிறது. மூன்றாம் முறை அவள் திறக்கும்போது படிக்கட்டில் ஓர் உருவம் நிற்கிறது. அவ்வளவே. முதல் வெட்டில் படம் 11 நிமிடம் ஓடியது.

வீட்டின் உட்புறம் வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் படமாக்கப்பட்டது. படிக்கட்டு கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு பழைய கட்டடத்தினுடையது. ஆக, நகரின் தெற்கே ஒரு கதவு திறக்க, வடக்கே ஒரு படிக்கட்டு தெரிகிறது. வெவ்வேறு இடங்களை ஒட்டி இல்லாத ஓர் இடத்தை உருவாக்கலாம் என்பதை 1920களிலேயே ருஷ்யாவில் குலெஷோவ் செய்துகாட்டினார். எமது மாணவர்கள் அதைப் பாடப்புத்தகத்தில் படித்துச் செய்யவில்லை. வெள்ளவத்தை மாடியில் படப்பிடிப்புக்கு நிர்வாகம் அனுமதி தரவில்லை, அதனால் செய்தார்கள். ஆனாலும் அந்த ஒட்டு படத்துக்கு ஓர் அர்த்தத்தைத் தந்துவிட்டது. கொழும்பில் தமிழ் பேசுவோர் செறிந்து வாழும் இரு பகுதிகளுக்கும் நடுவே ஒரேயொரு கதவுதான் இருக்கிறது என்பது போல.

திகில் என்பது படப்பிடிப்பில் உண்டாவதல்ல, படத்தொகுப்பில் உண்டாவது. இதற்கு மிகப் பழைய சான்று 1942இல் ஜாக் டேர்னர் இயக்கிய 'கட் பீப்பிள்'. இரவில் தனியே நடக்கும் ஒரு பெண்ணைக் காலடியோசை தொடர்கிறது. பிறகு அந்த ஓசை நின்றுவிடுகிறது. இனி ஏதோ பாயப்போகிறது என்று நாம் மூச்சைப் பிடித்திருக்கும் கணத்தில் சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பஸ். இந்தக் காட்சியில் மிருகம் காட்டப்படவேயில்லை. அந்தக் காட்சியைத் தொகுத்தவர் மார்க் ரொப்சன். பார்வையாளனை நடுங்கவைத்தது பஸ்ஸின் சீற்றமல்ல, அதற்கு முன்னிருந்த மௌனம். எத்தனை விநாடி காத்திருக்கவைப்பது என்பதைத் தீர்மானிப்பவரே பேய்ப்படத்தின் உண்மையான ஆசிரியர்.

சினிமா படித்த மாணவர்களின் படைப்பு என்று பார்த்தால் 1999இல் வெளியான 'த பிளேயார் விச் புரொஜெக்ட்' முக்கியமானது. அதன் இயக்குநர்களான டானியல் மைரிக்கும் எட்வார்டோ சான்செஸும் மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் சினிமா பயின்றவர்கள். கதையும் காட்டுக்குள் ஆவணப்படம் எடுக்கப்போய்க் காணாமற்போகும் மூன்று மாணவர்களைப் பற்றியதே. எட்டு நாட்களில் நடிகர்களே கமராவைத் தூக்கிப் படமாக்கினார்கள். ஏறத்தாழ 20 மணித்தியாலக் காட்சிகள் சேர்ந்தன. அவற்றை ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவான படமாகச் சுருக்கப் பல மாதங்கள் எடுத்தன. கடைசிவரை சூனியக்காரி வரவில்லை. இறுதிக் காட்சியில் சுவர் மூலையைப் பார்த்தபடி ஒருவன் நிற்கிறான், படம் முடிகிறது. இந்த முடிவு விளங்கவில்லை என்று கருதிய விநியோக நிறுவனம் வேறு முடிவுகளையும் படமாக்கச் செய்தது. இயக்குநர்கள் அவற்றை ஏற்காமல் தமது முடிவிலேயே நின்றார்கள். மூலையில் நிற்பதன் பொருளை உணர்த்தும் ஒரு நேர்காணல் துண்டை மட்டும் படத்தின் முற்பகுதியில் சேர்த்தார்கள். காட்டு, காட்டு என்று வரும் நெருக்குதலுக்கு மசியாததே அப்படத்தின் பலம்.

எல்லா மாணவரும் இவ்வழியில் போகவேண்டும் என்பதில்லை. மலேசியாவின் கூச்சிங்கில் பிறந்த ஜேம்ஸ் வானும், மெல்பேர்ணில் அவரோடு படித்த லீ வனெலும் 2003இல் எடுத்த 'சோ' என்ற பத்து நிமிடத்துக்குட்பட்ட குறும்படம், காட்டுவதையே நம்பியது. தலையில் பூட்டப்பட்ட ஓர் இரும்புப் பொறி, ஒரு கடிகாரம், ஒரு மனிதன். அதுவும் வென்றது. அடுத்த ஆண்டே முழுநீளப் படமாயிற்று. காட்டுவதா மறைப்பதா என்பது பாணி சார்ந்த தெரிவு. ஆனால் எதைக் காட்டுவது என்பது வெறும் பாணி சார்ந்ததல்ல. இங்குதான் எமது நான்கு மாணவரின் படம் சிக்கலுக்குள் இறங்கியது.

முதல் வெட்டில் படிக்கட்டில் நின்ற உருவம் கறுப்பு அபாயா அணிந்திருந்தது. முகமும் மூடப்பட்டிருந்தது. இயக்குநரான மாணவனிடம் எந்தக் கெட்ட எண்ணமும் இருக்கவில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். கைத்தொலைபேசியால் எடுத்த படம். வெளிச்சம் குறைந்தால் திரை முழுதும் புள்ளி புள்ளியாய் இரையும். மலிவான ஒப்பனை அதில் பல்லிளிக்கும். கறுப்புத் துணி எல்லாவற்றையும் மறைத்துவிடும். அந்த அபாயாவைக் கொண்டுவந்து கொடுத்தவளே அவர்களுள் ஒருத்தியான கொட்டாஞ்சேனை முஸ்லிம் மாணவிதான். அவளுடைய தாயினுடையது. படப்பிடிப்பின்போது அவளுக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

மடிக்கணினியில் காட்சிகளை ஒட்டி, அடியில் ஓர் இடி முழக்க இசையையும் போட்டு ஓடவிட்டபோதுதான் அவள் பேசாமலிருந்தாள். இரண்டாம் தடவை ஓடியபின் சொன்னாள்: "சேர், இது எனக்குப் பேயாத் தெரியல்ல. எங்கட உம்மா படியேறி வாற மாதிரித்தான் தெரியுது."

படத்தொகுப்பின் வல்லமை இதுதான். கமராவுக்கு முன்னால் அது ஒரு துணி. பயந்த முகம் ஒன்றுக்கும் இடிமுழக்கம் ஒன்றுக்கும் நடுவில் வைத்தால் அது ஒரு தீர்ப்பு. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது அதன் அதிர்வு அந்தப் படிக்கட்டு நிற்கும் பகுதிக்கும் கேட்டிருக்கும். அங்கு இறந்தவர்களின் துயரத்தை எவரும் குறைத்துப் பேச முடியாது. அதன் பின்னர் நடந்தவற்றையும் நாம் அறிவோம். ஏப்ரல் 29 முதல் அவசரகால விதிகளின் கீழ் முகத்தை மூடும் ஆடை தடைசெய்யப்பட்டது. ஓகஸ்டில் அவசரகாலச் சட்டம் காலாவதியாகும்வரை அது நீடித்தது. சட்டம் முகத்தைத்தான் சொன்னது. ஆனால் முகம் திறந்த அபாயாவையும் பல வாசல்கள் மறித்தன. பஸ்ஸில் பக்கத்து ஆசனம் காலியாகவே கிடந்தது. அந்த மாதங்களில் இந்நகரம் கறுப்பு அபாயாவைக் கண்டு பயப்படக் கற்றுக்கொண்டது. மாணவர் படம் தன்னையறியாமல் அந்தப் பாடத்தையே ஒப்புவித்தது.

நாம் இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். 2011 ஓகஸ்டில் 'கிறீஸ் பூதம்' என்ற மர்ம மனிதன் பற்றிய பீதி கிழக்கிலும் புத்தளத்திலும் பரவியது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசியவன் இரவில் வீடு புகுந்து பெண்களைத் தாக்குகிறான் என்ற பேச்சு. ஊர் ஊராக இளைஞர்கள் பொல்லுகளோடு விழித்திருந்தார்கள். பிடிபட்டவன் படைமுகாமுக்குள் ஓடினான் என்று மக்கள் சொன்னார்கள், அதிகாரிகள் மறுத்தார்கள். பல இடங்களில் மோதல் வெடித்தது. புத்தளத்தில் பொலிஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். அது வெறும் வதந்தியா, வேறெதுவுமா என்ற விவாதம் இருக்கட்டும். போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், இராணுவ முகாம்களுக்கு நடுவில் வாழ்ந்த ஒரு மக்களின் அச்சம் அங்கே உருவம் எடுத்தது என்பதில் ஐயமில்லை. எமது மண்ணில் விளைந்த பேய்க்கதை என்றால் அதுதான். அதையொட்டித் தமிழில் ஒரு நல்ல பேய்ப்படத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. அச்சப்பட்டவர்களின் பக்கத்தில் கமராவை வைத்தால் அது ஒரு பெரும் படமாகும். அச்சத்துக்கு ஆளாக்கப்பட்டவர்களையே பூதமாகக் காட்டினால் என்னவாகும் என்பதற்கு அந்த முதல் வெட்டே சான்று.

நான்கு பேரும் நீண்டநேரம் விவாதித்தார்கள். உருவம் நீக்கப்பட்டது. ஆனால் உருவம் போனதும் படத்தில் ஓட்டை விழுந்தது. பயத்துக்குக் காரணம் என்று எதை வைப்பது? அப்போதுதான் ஒதுக்கிவைத்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

அம்மம்மாவாக நடித்தவர் அவர்களுள் ஒருவனின் சொந்த அம்மம்மா. நடித்துப் பழக்கமில்லாதவர். இரண்டாம் தடவை கதவு தட்டப்படும்போது அவர் கட்டிலில் அசையாமல் இருக்கவேண்டும் என்பது எழுத்துப்பிரதி. ஒரு தடவை அவர் அப்படி இருக்கவில்லை. தட்டும் ஓசை கேட்டதும் எழுந்தார். அல்மாரியைத் திறந்தார். ஒரு பொலித்தீன் பையை எடுத்து, அதிலிருந்த அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்து நின்றார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 14 விநாடி. கமரா நிறுத்தப்படாமல் ஓடியதால் மட்டுமே அது தப்பியது. 'பிழை' என்று பெயரிட்ட கோப்புறைக்குள் கிடந்தது.

அந்த 14 விநாடிக்கு விளக்கம் தேவைப்படாத தலைமுறையொன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறது. பொலிஸ் பதிவுத் துண்டு, நள்ளிரவுத் தேடுதல், 'எப்ப வந்தீங்கள், எதுக்கு வந்தீங்கள்' என்ற கேள்வி. 2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் லொட்ஜுகளில் கதவுகள் தட்டப்பட்டன. 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க வேண்டியிருந்தது. அந்த அதிகாலையில் கதவைத் தட்டியது பேயல்ல. ஆனால் அந்த ஓசை இன்றுவரை ஒரு மூதாட்டியின் கையை அல்மாரிக்குக் கொண்டுபோகிறது. அவருடைய பேரனுக்கு அது தெரியாது. தெரியாததால்தான் அவன் அதைப் பிழை என்று ஒதுக்கினான்.

ஒருவருக்கு மட்டும் உரிய அச்சமல்ல இது. 2019இல் தேடுதல் வந்தபோது முஸ்லிம் வீடுகளில் அதே அல்மாரி திறக்கப்பட்டது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு அது தட்டும் ஓசையாக வரவில்லை, ஒலிபெருக்கியாக வந்தது. இரண்டு மணித்தியாலம் கொடுத்தது. கவனித்தால் தெரியும், எமது அச்சங்களுக்கு முகமில்லை. அவை ஓசையாகவே வருகின்றன. கதவு, ஒலிபெருக்கி, கூரையில் காலடி, தெருமுனையில் நிற்கும் வாகனத்தின் இயந்திரம். இங்கே ஒரு பேய்ப்படம் கண்ணுக்குத் தெரியும் உருவத்தைத் தேடி அலைவதில் அர்த்தமில்லை. ஒலியை ஒழுங்காகத் தொகுத்தாலே போதும்.

இறுதி வடிவம் 9 நிமிடம். அந்த 14 விநாடி முழுமையாக இடம்பெற்றிருக்கிறது. ஒரு வெட்டும் இல்லை, இசையும் இல்லை. அண்மைக் காலத்தில் நான் பார்த்த மாணவர் படங்களில் மிக நல்ல காட்சி அதுதான் என்பேன். இவ்வளவில் நின்றிருந்தால் முழுப் படத்தையும் பாராட்டியிருப்பேன்.

நிற்கவில்லை. உருவமில்லாமல் பேய்ப்படம் எப்படி என்ற தயக்கம் கடைசியில் வென்றுவிட்டது. முடிவில் ஒரு புதிய காட்சியை எடுத்துச் சேர்த்தார்கள். படிக்கட்டில் இப்போது வெள்ளைச் சேலை உடுத்த ஒரு பெண் இரண்டு விநாடி நிற்கிறாள், வயலின்கள் அலறுகின்றன. சர்ச்சை தீர்ந்தது என்று இயக்குநர் நினைத்தான். தீரவில்லை. அந்தப் படத்திலேயே அம்மம்மா உடுத்திருப்பது வெள்ளைச் சேலைதான். கணவனை இழந்த யாழ்ப்பாணத்துப் பெண்களில் ஒரு தலைமுறை அதைத்தான் உடுத்தது. ஒருத்தியின் உம்மாவைப் பேயாக்காமல் காப்பாற்றிய படம் இன்னொருத்தனின் அம்மம்மாவைப் பேயாக்கிவிட்டது. இதைச் சென்னைப் படங்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செய்துவருவதால் எமக்கு உறைப்பதில்லை. விதவையின் உடை பயத்துக்குரியது என்று எப்போது யார் எமக்குச் சொன்னார்கள் என்று கேட்பதும் விமர்சனத்தின் வேலைதான்.

ஒலியிலும் ஒரு குறை சொல்லவேண்டும். வெள்ளவத்தையில் கரையோர ரயில் பாதைக்குப் பக்கத்தில் படமெடுத்துவிட்டு, ரயிலின் சத்தத்தை மென்பொருளால் துடைத்தெடுத்திருக்கிறார்கள். அதோடு அறையின் இயல்பான இரைச்சலும் போய்விட்டது. குரல்கள் தகர டின்னுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கின்றன. காலியான இடத்தை நிரப்ப இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இதயத்துடிப்பு ஓசை. ரயில் கடந்து முடிந்தபின் வருகிற மௌனத்தில் அந்தக் கதவு தட்டப்பட்டிருந்தால்! 'கட் பீப்பிள்' படத்தின் பஸ்ஸைப் போல எமக்கென்று ஒரு ரயில் கிடைத்திருக்கும். அது இலவசமாக, நாளுக்குப் பல தடவை, ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது.

எமது அச்சங்களைப் பேய்ப்படமாக்குவது அவற்றை விளையாட்டாக்குவதாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். ஞாயமான கேள்வி. 2007இல் பஸ்ஸில் ஏற்றப்பட்டவரின் வேதனையை ஒரு திடுக்கிடலுக்காகப் பயன்படுத்தினால் அது இழிவுதான். ஆனால் அந்த 14 விநாடியில் திடுக்கிடல் எதுவும் இல்லை. ஒரு கிழவி அடையாள அட்டையோடு நிற்கிறாள், அவ்வளவே. பார்ப்பவனுக்கு வருவது பேய்ப்பயமல்ல, இவள் ஏன் இப்படி நிற்கிறாள் என்ற கேள்வி. பதில் தெரிந்தவர்கள் மௌனமாவார்கள். தெரியாதவர்கள் வீட்டுக்குப்போய்த் தமது மூத்தவர்களிடம் கேட்பார்கள். அந்தப் பேரனும் கேட்டான் என்று பின்னர் அறிந்தேன். படத்தொகுப்புக்கு முன்னர் அவன் அதை ஒருநாளும் கேட்டிருக்கவில்லை.

அந்த நால்வருக்கும் நான் சொல்லக்கூடியது சிறியதே. இறுதியில் வரும் இரண்டு விநாடியை நீக்கிவிடுங்கள். ரயிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அடுத்த படத்திலும் கமராவைச் சற்றுப் பிந்தியே நிறுத்துங்கள். 'பிழை' என்ற கோப்புறையை அழிக்குமுன் ஒரு தடவை முழுவதுமாகப் பாருங்கள்.